சேற்றில் மிஞ்சிய உயிர்கள்

"அந்த ஆழத்தில் எதுவும் வாழாது" என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னபோது நான் தலையாட்டவில்லை. எங்களுக்குள் சண்டை தொடங்கியது அன்றைக்குத்தான்.

எண்பதுகளின் பிற்பகுதி. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் ஆராய்ச்சி மாணவி. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்து ஊரிலிருந்து கடலைப் பற்றிப் படிக்கப் போனவள். அதுவரை கடலை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். என் வேலை சேறு பார்ப்பது. அரபிக்கடலில் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஆழத்துத் தரையிலிருந்து அள்ளிய சேறு. கப்பலில் பெண்களை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆண்கள் போய் அள்ளி வந்து டப்பாக்களில் கொடுப்பதை நான் சல்லடையில் போட்டுக் கழுவுவேன். களிமண் கரைந்து ஓடியபின் ஒரு சிட்டிகை மணல் மிஞ்சும். கறுப்புத் தட்டில் பரப்பி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அது மணல் இல்லை, ஓடுகள். சின்னச் சங்கு போல, பருத்த முத்து போல, முறுக்கித் திரித்த விளக்குத் திரி போல ஆயிரம் வடிவங்கள். ஒவ்வொரு ஓட்டுக்குள்ளும் ஒற்றைச் செல்லாலான உயிர் ஒன்று குடியிருந்திருக்கிறது. ஃபோராமினிஃபெரா என்று பெயர். நாங்கள் ஃபோரம் என்று கூப்பிடுவோம்.

அரபிக்கடலின் நடு ஆழத்தில், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிற ஓர் அடுக்கு உண்டு. மேலே செழித்து வளரும் நுண்பாசிகள் செத்து விழுந்து அழுகும். அழுகலே இருக்கிற ஆக்சிஜனையெல்லாம் தின்றுவிடும். அந்த அடுக்கு தரையைத் தொடும் இடத்திலிருந்து வந்த டப்பாக்களைத் திறந்தாலே கூடத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அழுகின முட்டை நாற்றம்.

என் தட்டில் அந்தச் சேற்றிலிருந்து வந்தவை வேறு மாதிரி இருந்தன. மற்ற இடங்களில் பத்து வகை, இருபது வகை என்று கலந்துகிடக்கும். இங்கே இரண்டு மூன்று வகைதான், ஆனால் கூட்டம் கூட்டமாக. எல்லாம் சிறியவை, ஒடிசலானவை, கண்ணாடி போல மெல்லிய ஓடு, அதில் நெருக்கமாகப் பொடித் துளைகள். மூச்சுக்கு வழியில்லாத இடத்தில் வாழப் பழகியவை என்று நான் சொன்னேன். இவை கூட்டமாகக் கிடைத்தால், எத்தனை ஆயிரம் வருடத்துக்கு முந்திய சேறாக இருந்தாலும், அன்றைக்கு அங்கே ஆக்சிஜன் குறைவு என்று படித்துவிடலாம் என்றும் சொன்னேன். உயிருள்ளவற்றில் ஏறுகிற ரோஜா நிறச் சாயத்தைக் கப்பலிலேயே சேற்றில் கலந்திருந்தார்கள். என் ஓடுகளில் பல உள்ளே சிவந்திருந்தன.

"காத்தில்லாத சேத்துல பிணம் சீக்கிரம் அழுகாதும்மா. செத்ததுலயும் சாயம் ஏறும்" என்றார் பேராசிரியர். "ஓடெல்லாம் மேட்டுலேருந்து உருண்டு வந்திருக்கும்."

சாயத்தைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான். ஆனால் உருண்டு வந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

"உருண்டு வந்திருந்தா உடைஞ்சிருக்கணும் சார். ஒண்ணுகூட உடையல. குஞ்சும் இருக்கு, வளந்ததும் இருக்கு, நடுவாந்தரமும் இருக்கு. அங்கியே பொறந்து அங்கியே வளந்திருக்கு."

அவர் சிரித்தார். "அடிப்படை சரியா இல்லாம கோட்டாவுல வந்துட்டு, இப்படித்தான் கற்பனை பண்ணுவீங்க" என்றார். கூடத்தில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆமாம், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில்தான் வந்தேன். அந்தக் கதவு இல்லாவிட்டால் என் ஊரில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்திருப்பேன். இதைச் சொல்ல எனக்கு அன்றைக்கும் கூச்சமில்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் கதவு வழியாக வந்தவள் கண்ணால் பார்த்ததைச் சொல்லக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

அடுத்த வாரம் அப்பாவிடமிருந்து தந்தி வந்தது. நைனார்பாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்களாம். எனக்குப் போக மனமில்லை. ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் கூடத்தில் ஒதுக்கிவைத்திருந்த பழைய மைக்ராஸ்கோப் ஒன்றை அனுமதி கேட்டு வாங்கி, கழுவிய ஓட்டு மணலையும் எடுத்து, மரப்பெட்டியோடு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன்.

நான் போன மறுநாள் சாலை மறியல் தொடங்கியது. எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுக்க நடந்த போராட்டம். புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, தபால் இல்லை. நெடுஞ்சாலைப் பக்கம் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. என் அண்ணன் முதல் நாளே கோடாலியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வரும்போது சட்டையெல்லாம் மரத்தூள், உள்ளங்கையெல்லாம் கொப்புளம். கேட்பது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. என்னைப் போல இன்னும் ஆயிரம் பெண்கள் படிக்கப் போக வேண்டும் என்றால் வேறு வழி என்ன? மரங்களை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வர முடியவில்லை. நானும் போக முடியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் மைக்ராஸ்கோப்பை வைத்து, மெல்லிய தூரிகை நுனியால் ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒருநாள் எட்டிப் பார்த்தான்.

"இன்னாது பாப்பா இது, ரவை மாதிரி கீது?"

"கடலுக்கு அடியில இருக்கறது ணா. காத்தே இல்லாத எடத்துல பொழைக்கற உசுரு."

"காத்து இல்லாத எடத்துல எப்படிப் பொழைக்கும்?"

"எல்லாம் பொழைக்காது. சிலதுதான் பொழைக்கும். எது மிச்சமா கீதுன்னு பாத்தா அங்க இன்னா நடந்துதுன்னு கண்டுபிடிச்சிடலாம்."

அவன் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தான். "அழகாத்தான் கீது" என்று சொல்லிவிட்டுக் கோடாலியோடு போனான்.

மறியல் முடியப்போகிற நேரத்தில், ஒரு விடியற்காலை, ஏரியில் மீன் செத்து மிதக்கிறது என்று கூச்சல் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது கரையோரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிறு தெரிந்தது. கட்லாவும் ரோகுவும் கெண்டையும். இன்னும் சாகாதவை தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அந்த வருடம் மீன் குத்தகை எடுத்திருந்தவர் எங்கள் தெருக்காரர். கரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். குத்தகைக்குக் காலனிக்காரர்களும் கேட்டிருந்தார்கள், அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பழி போட இது போதாதா?

நான் வீட்டுக்குத் திரும்புவதற்குள் டீக்கடை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. கரண்ட் கம்பத்தில் ஒருவனைக் கட்டிவைத்திருந்தார்கள். பருத்திக் காட்டில் பூச்சிமருந்து அடிக்கக் கூலிக்குப் போகிற காலனிப் பையன். அவனுடைய மருந்து மெஷினைக் காலடியில் போட்டிருந்தார்கள். உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

பத்தாம் வகுப்பு வரை அவனும் நானும் ஒரே வகுப்பு. கணக்கில் அவன்தான் எப்போதும் முதல். அதன் பிறகு அவன் என்னைப் பார்த்தால் ஒதுங்கிப்போவான். 'நீ' என்று பேசியவன் 'நீங்க' என்று பேச ஆரம்பித்திருந்தான்.

"மருந்த கலந்துட்டான். இவன் ஒருத்தன் வேலை இல்ல, அத்தினி பேரும் சேந்து செஞ்சிகீறாங்க" என்றார் குத்தகைக்காரர்.

"இன்னிக்கே காலனிய கொளுத்திடணும். போலீஸ் வர வழியும் இல்ல" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அது வெறும் பேச்சு இல்லை. ஊரில் இளவட்டம் அத்தனையும் கோடாலியோடு இருந்தது. நாள்கணக்காக மரம் வெட்டி, ரத்தம் சூடேறிக் கிடந்தவர்கள். ஆனால் என் மனதுக்குள் ஒரு கேள்வி நின்றுகொண்டே இருந்தது. கரையில் கட்லாவைப் பார்த்தேன், ரோகுவைப் பார்த்தேன். ஒரு விரால்கூடச் செத்துக்கிடக்கவில்லையே?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"மருந்து கலந்தா விராலு எப்படிப் பொழைச்சுது?" என்று கேட்டேன். குரல் கீச்சென்று வந்தது. யாரும் காதில் வாங்கவில்லை. திரும்பவும் கத்தினேன். "செத்த மீன்ல ஒரு விராலு காட்டுங்க! ஒரு தேளி மீன் காட்டுங்க!"

குத்தகைக்காரர் திரும்பினார். "நீ வூட்டுக்குப் போ பாப்பா. பொம்பளப் புள்ளைக்கு இங்க இன்னா வேலை?"

"நான் இதத்தாங்க படிக்கறேன். அஞ்சு வருசமா இதத்தான் படிச்சிக்கினு கீறேன். மருந்துன்னா அத்தினியும் சாவணும். விராலு மேல வந்து காத்த முழுங்கிட்டுப் போவும், உங்களுக்குத் தெரியாதா? தண்ணியில காத்து இல்லாம போனா கட்லா சாவும், விராலு சாவாது. இது மருந்து இல்ல. மூச்சு முட்டி செத்துது."

"காலனிக்காரனுக்கு வக்காலத்தா?" என்றான் ஒருவன். இன்னொருவன் என்னையும் அந்தப் பையனையும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னான். அதை நான் எழுதப்போவதில்லை. அம்மா எங்கிருந்தோ ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "கல்யாணம் பேசற பொண்ணுடி நீ, வாடி" என்று அழுதாள். கையை உதறிக்கொண்டேன்.

"ஏரிக்கு வாங்க. நானே சேத்த எடுத்துக் காட்டறேன். நான் சொன்னது பொய்யின்னா என்னையும் இதே கம்பத்துல கட்டுங்க."

அப்போதுதான் அண்ணன் வந்தான். விஷயம் கேட்டான். கம்பத்தில் இருந்தவனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்த வாரம் முழுக்க முன்னால் நின்று மரம் வெட்டியவன் என்பதால் அவன் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது.

"அவன் எங்க ஓடிடப் போறான்? கட்டித்தான கீது. போயி பாத்துட்டு வந்து அடிக்கலாம். இப்ப வாங்கடா" என்றான்.

அவன் என்னை நம்பிச் சொன்னானா, தங்கையை அந்த இடத்திலிருந்து கிளப்புவதற்காகச் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கூட்டம் நகர்ந்தது.

ஏரியில் புடவையோடு இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் குனிந்து, அடிச் சேற்றை இரண்டு கையாலும் வாரிக்கொண்டு வந்து கரையில் கொட்டினேன். எங்கள் ஏரிச் சேறு பழுப்பு நிறம், ஊருக்கே தெரியும். அன்றைக்கு வந்தது மை போலக் கறுப்பு. மோந்து பாருங்கள் என்றேன். முன்னால் நின்றவர்கள் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினார்கள். ஆய்வுக்கூடத்து டப்பாக்களில் வருகிற அதே நாற்றம்.

விரலால் சேற்றைப் பரப்பினேன். உள்ளே சிவப்புச் சிவப்பாகப் புழுக்கள் நெளிந்தன.

"மருந்து கலந்திருந்தா இந்தப் புழு இப்படி நெளியுமா? பருத்திக்கு அடிக்கற மருந்து, புழுவ கொல்லத்தான அடிக்கறீங்க?"

சரியாக அந்த நேரத்தில், ஆம்பல் இலைகளுக்கு நடுவே ஒரு விரால் மேலே வந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுப் போனது. வளையம் வளையமாகத் தண்ணீர் விரிந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

"ஆமாடா, விராலு ஒண்ணுகூட சாவல" என்றார் ஒரு பெரியவர், தனக்குத்தானே சொல்வது போல.

"அப்ப தண்ணியில இருந்த காத்து எங்க போச்சி?" என்று அண்ணன் கேட்டான். நல்ல கேள்வி. அழுகுகிற பொருள் ஏதோ ஏராளமாகத் தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும் என்றேன். அது என்னவென்று எனக்கும் தெரியவில்லை. மலைப்பக்கமிருந்து ஏரிக்கு வருகிற வாய்க்காலோரமே நடந்தோம். பாதிக் கூட்டம் கூட வந்தது. கொஞ்ச தூரத்திலேயே தண்ணீர் வெளுத்துவிட்டது, அரிசி கழுவிய தண்ணீர் போல. மேலே நுரை. புளித்த வாடை. வாய்க்கால் எங்களை நேராகச் சேகோ ஃபேக்டரியின் பின்சுவருக்குக் கொண்டுபோய் நிறுத்தியது.

மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்கிற ஆலை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அதற்குத்தான் கிழங்கு போட்டார்கள். அதன் மேஸ்திரி வெளியே வந்தான். முதலில் மழுப்பினான். அண்ணன் தோளிலிருந்த கோடாலியை இறக்கித் தரையில் வைத்தான், அவ்வளவுதான். மேஸ்திரி சொல்லிவிட்டான். சாலை மறியலால் லாரி வரவில்லை. அரைத்த மாவு தொட்டி தொட்டியாகப் புளித்துப்போய்விட்டது. முதலாளி ஊரில் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் மொத்தத்தையும் வாய்க்காலில் திறந்துவிட்டார்கள்.

லாரியை நிறுத்தியது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை அங்கே வாய்விட்டுச் சொன்னவள் நான்தான்.

"நம்ம போராட்டம் நியாயம். அதுக்காக நம்மாலயும் கெட்டுப்போன ஏரிக்கு இன்னொருத்தன கம்பத்துல கட்டறது நியாயம் இல்ல."

அண்ணனின் முகம் இறுகியது. திரும்பி நடந்தான். நான் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனே கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. பையன் கீழே கிடந்த மெஷினை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டான். என்னைப் பார்த்து நின்றான்.

"உனக்கு ஏன் இந்த வேலை?" என்றான். பல வருடங்களுக்குப் பிறகு 'நீ' என்று சொன்னான். நான் பதில் சொல்வதற்குள் காலனிப் பாதையில் இறங்கிவிட்டான். சில மாதங்களில் குடும்பத்தோடு பெங்களூருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். ஊரில் யாரையும் அவன் நம்பவில்லை. நம்புவதற்கு நாங்கள் என்ன செய்திருந்தோம்?

டீக்கடை ஓரத்தில் அம்மா உலர்ந்த புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். அதை என்னைச் சுற்றி மறைத்துப் பிடித்துக்கொண்டாள்.

நைனார்பாளையத்துக்காரர்கள் வரவேயில்லை. ஆண்கள் கூட்டத்தில் நின்று கத்திய பெண், சேற்றில் இறங்கிய பெண், எங்களுக்கு ஒத்துவராது என்று சொல்லியனுப்பினார்கள். அப்பா இடிந்துபோனார். நான் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். ஆலைக்காரர் அதன் பிறகு கழிவுக்குக் குழி வெட்டினார், ஆனால் அப்பாவின் கிழங்கை அந்த வருடம் வாங்க மறுத்துவிட்டார். அண்ணன் கிழங்கை மாட்டுவண்டியில் ஏற்றி, வெட்டிச் சாய்த்த மரங்களைச் சுற்றிக்கொண்டு, சின்னசேலம் பக்கம் கொண்டுபோய் விற்றான். "பாத்துக்கலாம் போ" என்றான். குத்தகைக்காரர் சாகும்வரை என்னோடு பேசவில்லை.

சாலை திறந்ததும் சென்னைக்குப் போனேன். மதிப்பீட்டுக் கூட்டத்தில் பேராசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அவர் கருத்துக்கு எதிராகப் பேசினேன். ஊரில் பொறுக்கிய ஓடுகளை வயது வாரியாக அடுக்கிக் காட்டினேன். குஞ்சிலிருந்து முதிர்ந்தது வரை வரிசையாக இருந்தது. செத்தது எது என்று மட்டும் கேட்காதீர்கள், பிழைத்தது எது என்று கேளுங்கள் என்றேன். குழுவினர் உடனே கைதட்டிவிடவில்லை. எல்லா டப்பாக்களையும் மறுபடி கழுவி மறுபடி எண்ணச் சொன்னார்கள். எண்ணினேன். கண்ணாடி போடும்படி ஆயிற்று, ஆனால் முடிவு மாறவில்லை. ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் சீக்கிரம் பட்டம் வாங்கலாம் என்றார் பேராசிரியர். எடுக்கவில்லை. கூடுதலாக ஒரு வருடம் போனது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் நெடுநேரம் கேட்டார், பிறகு ஒப்புக்கொண்டார்.

அதற்குள் எங்கள் போராட்டத்துக்குப் பலன் கிடைத்துத் தனி ஒதுக்கீடு வந்துவிட்டது. பிறகு நாடு முழுவதும் மண்டல் கமிஷன் பேச்சு வெடித்தது. வடக்கே ஒரு நகரில் கடலியல் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். வெளியே இட ஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் தெருவில் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தேநீர் இடைவேளையில் ஒரு மூத்த விஞ்ஞானி, "இனிமேல் தரம் என்ன ஆகும்?" என்று பொதுவாகக் கவலைப்பட்டார். சுற்றி நின்றவர்கள் ஆமோதித்தார்கள். சற்று முன்புதான் அவர் என் கட்டுரையைக் கேட்டுவிட்டு, ஆக்சிஜன் குறைந்த சேற்றுக்கு இவ்வளவு தெளிவான அடையாளத்தைத் தான் பார்த்ததில்லை என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

"நான் ஒதுக்கீட்டில் வந்தவள்" என்றேன்.

அவர் கையிலிருந்த கோப்பை பாதியில் நின்றது. "உங்களைச் சொல்லவில்லை" என்றார் அவசரமாக.

"என்னைத்தான் சொன்னீர்கள். பரவாயில்லை, அடுத்த அமர்விலும் நான் பேசுகிறேன். தரத்தைப் பற்றிய கேள்விகளை அங்கே கேளுங்கள்" என்றேன்.

அவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டிப் பேசி முடித்தேன். கேள்விகள் உண்டா என்று தலைவர் கேட்டார். அவர் கையைத் தூக்கவில்லை. நான் மேடையை விட்டு இறங்காமல், வேறு யாராவது கேட்கிறார்களா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.